மின்னலுக்குப் பின் பழுதான சாதனங்கள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

இடி மழை ஓய்ந்த பிறகு தொலைக்காட்சி இயங்காவிட்டால், மின்னல் தாக்கிவிட்டது என்று முடிவு கட்டிப் புதியதொன்றையும் அதற்கு ஒரு ஸ்டெபிலைசரையும் வாங்கி வைப்பதே பல வீடுகளின் வழக்கமாக இருக்கிறது. அந்தக் கேடு எந்தக் கம்பி வழியாக உள்ளே வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் அடுத்த பருவத்திலும் அதே இடத்தில் அதே பழுது நேர்கிறது. பழுதான சாதனத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்பாக, அதில் எந்தப் பகுதி, எந்த விதத்தில் போயிருக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீட்டுச் சாதனங்களைக் கெடுப்பவை முக்கியமாக மூன்று. மின்னலால் சில மைக்ரோ வினாடிகளுக்கு மட்டும் எழும் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பு முதலாவது. இதைத்தான் சர்ஜ் என்கிறோம். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி விட்டுப்போவதால் நிமிடக் கணக்கில், சில சமயம் மணிக் கணக்கில் நீடிக்கும் உயர் மின்னழுத்தம் இரண்டாவது. மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பும் தருணத்தில் ஏற்படும் தடுமாற்றம் மூன்றாவது. ஒன்றைத் தடுக்கும் கருவி மற்றொன்றைத் தடுக்காது. ஸ்டெபிலைசர் தன் ரிலேயை மாற்றுவதற்கே மில்லி வினாடிகள் எடுத்துக்கொள்வதால், மைக்ரோ வினாடிகளில் கடந்துபோகும் மின்னல் துடிப்பின் முன் அதற்கு வேலையே இல்லை. அதேபோல், மின்னல் துடிப்பை எர்த்துக்குத் திசைதிருப்பும் எஸ்பிடி எனப்படும் சர்ஜ் தடுப்புக் கருவி, நீடித்து நிற்கும் உயர் மின்னழுத்தத்தைத் தாங்காமல் தானே சூடேறிப் போய்விடும்.

சோதனையைத் தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் இருத்த வேண்டும். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழியும் வரை பிளக், கேபிள், டிபி பெட்டி (வீட்டின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்சுகள் உள்ள பெட்டி) எதையும் தொடக் கூடாது. இடி இடிக்கும்போது ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவது, சாதனத்தைக் காப்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதாகும். அடுத்தது, பிளக்கைக் கழற்றிய பிறகும் 230 வோல்ட்டில் இயங்கும் சாதனத்தின் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும் என்பதால், பழுது நீக்கும் பயிற்சி இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் சாதனத்தின் உள்ளே பார்க்கச் சொல்லும் இடங்களெல்லாம் பழுது நீக்குபவர்களுக்கானவை.

அறிகுறி: இடி இடித்த நொடியில் வீடு மட்டும் இருண்டது, அக்கம்பக்கத்தில் மின்சாரம் இருக்கிறது

டிபி பெட்டியில் எந்த நெம்பு கீழே இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் தடுப்பு சுவிட்சாகவே இருக்கும். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை அது கவனித்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் வேறுபாடே போதும். அருகில் மின்னல் விழும்போது கணினி, தொலைக்காட்சி போன்றவற்றின் உள்ளிருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக ஒரு கணம் எர்த்துக்கு மின்னோட்டம் பாய்கிறது. அதை மின்கசிவு என்று எடுத்துக்கொண்டு ஆர்சிசிபி இறங்கிவிடுகிறது. இது பழுதாக இல்லாமலும் இருக்கலாம்.

எல்லா எம்சிபிகளையும் (ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் சுவிட்சுகள்) இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள். அது நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது மீண்டும் இறங்குகிறதோ அந்தச் சுற்றில் உள்ள பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். அந்தச் சாதனத்தின் ஃபில்டரோ காப்புறையோ துளைபட்டிருக்கிறது என்று பொருள். எம்சிபிகள் அனைத்தும் இறங்கியிருந்தும் ஆர்சிசிபி நிற்க மறுத்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது ஆர்சிசிபியே கெட்டிருக்கலாம். அதற்கு மின்பணியாளர் வர வேண்டும். எல்லாம் சரியாக நின்ற பிறகும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள்; சர்ஜ் கடந்துபோன பிறகு இறங்க மறுக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருப்பது ஆபத்து.

ஒவ்வோர் இடிக்கும் இறங்குகிறது என்ற எரிச்சலில் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. மனித உயிரைக் காக்கும் ஒரே கருவியை அகற்றும் அந்தச் செயலை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். குறுந்துடிப்புகளைப் பொறுத்துக்கொள்ளும் வகை ஆர்சிசிபிகள் இருக்கின்றன. மேலும், வீட்டில் எஸ்பிடி இருந்தால் அது ஆர்சிசிபிக்குப் பிறகு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால், எஸ்பிடி எர்த்துக்கு அனுப்பும் மின்னோட்டமே ஆர்சிசிபியை இறக்கிவிடும்.

அறிகுறி: ஒரு சாதனம் மட்டும் முழுமையாக நின்றுவிட்டது

சாக்கெட்டில் வேறொரு சாதனத்தைச் செருகி, அங்கே மின்சாரம் வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியே அடாப்டர் உள்ள ரூட்டர், மோடம் போன்றவற்றில் பல நேரங்களில் அடாப்டர் மட்டுமே போயிருக்கும். அதே வோல்ட், அதே முனைத் திசை, அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் கொண்ட வேறொரு அடாப்டரைப் பொருத்திப் பார்த்தால் சில நிமிடங்களில் விடை தெரியும்.

பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் சாதனத்தைத் திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி ஃபியூஸும், அதை அடுத்துச் சிறு நாணயம் அளவில் நீல நிறத்திலோ மஞ்சள் நிறத்திலோ தட்டையான வட்டப் பொருளொன்றும் இருக்கும். அதுதான் எம்ஓவி எனப்படும் வேரிஸ்டர். இயல்பான மின்னழுத்தத்தில் கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருளாக இருக்கும் அது, மின்னழுத்தம் வரம்பு மீறும்போது சட்டெனக் கடத்தியாக மாறி, சர்ஜைத் தன் வழியே திருப்பிவிடுகிறது. சர்ஜ் வலுவாக இருந்தால் எம்ஓவி பிளந்து, உள்ளிருக்கும் சாம்பல் நிறப் பீங்கான் வெளியே தெரியும். சுற்றிலும் சர்க்யூட் போர்டில் விசிறி போலக் கரி படிந்திருக்கும். ஃபியூஸின் கண்ணாடி உட்புறம் கறுத்துப் பளபளக்கும். பார்க்கக் கோரமாக இருந்தாலும் இது பெரும்பாலும் நல்ல செய்தியே. எம்ஓவி தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அதே மதிப்புள்ள எம்ஓவியையும் ஃபியூஸையும் மாற்றினாலே சாதனம் எழுந்துவிடக் கூடும்.

எம்ஓவியை வெட்டி எடுத்துவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றினாலும் சாதனம் இயங்கும்; ஆனால் அடுத்த சர்ஜ் நேராக உள்ளே போகும். பழுது நீக்கித் தருபவரிடம் எம்ஓவி திரும்பப் போடப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. எம்ஓவி எந்தக் காயமும் இல்லாமல் இருக்க, புதிய ஃபியூஸ் போட்டவுடனே மீண்டும் எரிந்தால், ரெக்டிஃபையரோ ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கும். அந்த நிலையில் தடித்த ஃபியூஸோ கம்பியோ போட்டு ஓட்டப் பார்ப்பது தீ விபத்துக்கு வழி வகுக்கும்.

பெரிய கெப்பாசிட்டரின் தலை புடைத்தோ வெடித்தோ இருந்தால் மின்னலைச் சந்தேகிக்காதீர்கள். மைக்ரோ வினாடித் துடிப்பு அதைப் புடைக்கச் செய்வது அரிது. நீடித்த உயர் மின்னழுத்தமே பொதுவாக அதைச் செய்யும். நியூட்ரலைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அறிகுறி: சாதனம் இயங்குகிறது, ஆனால் ஒரு போர்ட் மட்டும் செத்துவிட்டது

மின்னல் சேதங்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பது என் கருத்து. ரூட்டரில் விளக்குகள் எரிகின்றன, வைஃபை கிடைக்கிறது. ஆனால் ஒரு லேன் போர்ட்டில் கேபிளைச் செருகினால் விளக்கு வருவதில்லை. தொலைக்காட்சியில் படம் வருகிறது. ஆனால் எச்டிஎம்ஐ ஒன்று மட்டும் சிக்னல் இல்லை என்கிறது. மின்சாரம் வழியாக வந்த கேடாக இருந்தால் பவர் சப்ளைதான் முதலில் அடி வாங்கியிருக்கும். இங்கே அது நன்றாக இருப்பதால், கேடு சிக்னல் கேபிள் வழியாக வந்திருக்கிறது.

ஓர் எளிய சந்தேகத்தை முதலில் நீக்கிக்கொள்ளுங்கள். சர்ஜ் சில நேரங்களில் சிப்பைக் கெடுக்காமல் குழப்பி மட்டும் விடும். எல்லாக் கேபிள்களையும் பவரையும் கழற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்து மீண்டும் இணையுங்கள். வேறு கேபிளைப் பயன்படுத்துங்கள். தேவைப்பட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அதன் பிறகும் அந்தப் போர்ட் எழவில்லை என்றால் சிப் போய்விட்டது.

இனி, அந்தப் போர்ட்டில் இணைந்திருந்த கேபிளின் மறுமுனை எங்கே போகிறது என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள். மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனாவிலிருந்து கோஆக்சியல் கேபிள் செட்-டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ தொலைக்காட்சிக்கும் போகிறது என்றால், சர்ஜ் வந்த பாதை முழுவதும் கண்முன் கிடைத்துவிடும். சுவரின் வெளிப்புறத்திலோ கம்பத்திலோ பொருத்திய கண்காணிப்பு கேமராவுக்குப் போகும் லேன் கேபிள் இன்னொரு வழக்கமான நுழைவாயில். கேமராவும், அந்தக் கேபிள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் போர்ட்டும் சேர்ந்தே போகும்.

மின்னல் அந்தக் கேபிள் மீதே விழ வேண்டியதில்லை. ஒரு மின்னல் வீச்சின் உச்ச மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருப்பதால், சற்றுத் தள்ளி விழுந்தாலும் நீண்ட கேபிள்களில் அது மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். மண்ணின் மின்னழுத்தமும் இடத்துக்கு இடம் வேறுபட்டுப் போகும். மின் இணைப்பின் எர்த் வீட்டின் ஒரு மூலையிலும், ஆன்டெனாவின் எர்த் மற்றொரு மூலையில் தனியாகவும் இருந்தால், அந்த இரண்டுக்கும் இடையே எழும் ஆயிரக்கணக்கான வோல்ட்டும் இரண்டையும் இணைத்து நிற்கும் சாதனத்தின் குறுக்கேதான் இறங்கும். லேன் போர்ட்டில் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி வரையறுக்கப்பட்டது. எச்டிஎம்ஐக்கு அந்தத் தடுப்புக்கூட இல்லை. சில வோல்ட்டுகளில் இயங்கும் சிப் நேரடியாகக் கேபிளில் அமர்ந்திருக்கிறது. தொலைக்காட்சிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டுகள் இவ்வளவு எளிதாகச் சாவதற்கு இதுவே காரணம்.

ஆகவே தீர்வு எர்த்தை ஒன்றுசேர்ப்பதில் தொடங்குகிறது. மின்சாரம், ஆன்டெனா, தொலைபேசி, கேபிள் ஆகிய அனைத்தும் வீட்டுக்குள் நுழையும் இடங்கள் முடிந்தவரை அருகருகே இருக்க வேண்டும். அவற்றின் எர்த்துகள் ஒரே பட்டையில் குறுகிய, தடித்த கம்பியால் இணைக்கப்பட வேண்டும். சாதனங்களுக்கென்று தனியாக ஒரு சுத்தமான எர்த் போடுவது நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது; மற்ற எர்த்துடன் இணைக்கப்படாத தனி எர்த் மின்னல் நேரத்தில் சாதனத்துக்கே எமனாகிறது. வெளியே போகும் லேன் கேபிளுக்கும் கோஆக்சியல் கேபிளுக்கும் அவற்றுக்குரிய சர்ஜ் தடுப்பான்களை நுழைவிடத்திலேயே பொருத்தி, அதே எர்த் பட்டையுடன் இணைக்க வேண்டும்.

இதைவிட உறுதியான வழி, கடத்தியையே அறுத்துவிடுவது. கட்டடத்துக்குக் கட்டடம் போகும் இணைப்புக்கு ஆப்டிகல் ஃபைபர் போட்டுவிட்டால் அந்த வழியாக சர்ஜ் வர இயலாது, ஏனெனில் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் ஃபைபர் கேபிளில் இழுவிசைக்காக எஃகுக் கம்பி சேர்க்கப்பட்டிருப்பதும் உண்டு. அக்கம்பி வீட்டுக்கு வெளியிலேயே முடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கூரையில் இடிதாங்கி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முன்வைத்த அந்த ஏற்பாடு கட்டடத்தைத் தீயிலிருந்தும் இடிபாட்டிலிருந்தும் காக்கிறது. அதன் கம்பியில் மின்னல் இறங்கும்போது வீட்டின் எர்த்தும் சேர்ந்து உயரும் என்பதால், இடிதாங்கி உள்ள வீட்டுக்கு எஸ்பிடி இன்னும் அவசியமாகிறது.

அறிகுறி: சில விளக்குகள் கண்ணைப் பறிக்கின்றன, சில மங்குகின்றன

உடனே மெயின் சுவிட்சை இறக்குங்கள். காரணத்தைப் பிறகு பார்க்கலாம். இது நியூட்ரல் விட்டுப்போனதன் முகம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டும், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டும் உள்ள மும்முனை அமைப்பில், பொதுவான நியூட்ரல் அறுந்தால் ஃபேஸ்களில் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிடுகின்றன. சுமை குறைவாக உள்ள ஃபேஸில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கும். சுமை மிகுந்த ஃபேஸில் சரியும். 400 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 566 வோல்ட். பவர் சப்ளைகளில் உள்ள கெப்பாசிட்டர்களோ 400 அல்லது 450 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. அவை புடைத்து வெடிப்பதில் வியப்பில்லை.

எம்சிபி இதில் உதவாது. அது மின்னோட்டத்தைத்தான் பார்க்கிறது, மின்னழுத்தத்தை அல்ல. மழையும் காற்றும் கம்பிகளை ஆட்டுவதால் நியூட்ரல் விடுவதும் இடியோடு சேர்ந்தே வருகிறது. அதனால் பழி மின்னல் மீது விழுந்துவிடுகிறது. வேறுபடுத்திப் பார்க்க வழி இருக்கிறது: ஒரே ஃபேஸில் இருந்த பல சாதனங்களும் எல்இடி விளக்குகளும் சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துப் போயிருந்தால், எஸ்பிடியின் நிலையைக் காட்டும் அடையாளச் சாளரமும் சிவப்பாகி அது செத்துவிட்டதைக் காட்டினால், காரணம் நியூட்ரல்தான். மின்பணியாளர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்துகொண்டே, ஹீட்டர் போன்ற பெரிய சுமையைப் போட்டு அணைத்துப் பார்த்தால், முள் தாறுமாறாக ஏறி இறங்குவது உறுதி செய்யும்.

பழுது மீட்டருக்கு வெளியே இருந்தால் மின் வழங்குநரிடம் அவசரப் புகார் கொடுங்கள். வீட்டுக்குள் என்றால், மெயின் சுவிட்சின் நியூட்ரல் முனைத் திருகு தளர்ந்து கருகியிருப்பதே அதிகம். நிரந்தரத் தடுப்பு, மின்னழுத்தம் வரம்பை மீறினால் வீட்டையே துண்டித்துவிடும் ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே. நியூட்ரல் விட்டுப்போகும் பகுதியில் வசிப்பவர்கள் எஸ்பிடிக்கு முன்பாக இதை வாங்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அறிகுறி: மின்தடை முடிந்து மின்சாரம் வரும்போதுதான் பழுதாகிறது

குளிர்பதனப் பெட்டியும் ஏசியும் இதற்கு அதிகம் ஆளாகின்றன. கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாவதற்கு 3 முதல் 5 நிமிடங்கள் தேவை. அதற்குள் மின்சாரம் வந்து போய் வந்தால் மோட்டார் சுழல முடியாமல் பெரும் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். காலதாமத வசதியுள்ள ஸ்டெபிலைசர் இங்கே சரியான கருவி. மின்சாரம் போனவுடன் மற்ற சாதனங்களின் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து சில நிமிடங்கள் நிலைத்த பிறகு போடுவது செலவில்லாத பாதுகாப்பு.

அறிகுறி: சாதனத்தின் உலோக உடலைத் தொட்டால் சுரீரென்கிறது

எர்த் இணைப்பு அறுந்திருக்கிறது. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உடலை ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மிதக்க விடுவதால் அந்தச் சுரீர் உணர்வு வருகிறது. காப்புறை பழுதாகியிருந்தால் அது உயிரையே பறிக்கும் அளவுக்குப் போகலாம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரு துளை சாக்கெட்டில் செருகியிருந்தால், சர்ஜ் தடுப்புப் பலகையின் எர்த் பக்க எம்ஓவிகளும் பயனற்றுப் போகின்றன. எர்த்தைச் சரிசெய்யும் வரை அந்தச் சாதனத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

அறிகுறி: எஸ்பிடி இருந்தும் சாதனம் போய்விட்டது

எஸ்பிடியின் சாளரம் பச்சையா சிவப்பா என்று பாருங்கள். சிவப்பு என்றால் அது ஏற்கெனவே செத்திருக்கிறது. சர்ஜ்களை வாங்க வாங்க எம்ஓவி தேய்ந்துகொண்டே வரும் பொருள் என்பதால், மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை சாளரத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பச்சையாக இருந்தால், பொருத்திய விதத்தில் குறை தேடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது கம்பியின் நீளத்தை. ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி தூண்டல் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. 10,000 ஆம்பியர் 8 மைக்ரோ வினாடியில் ஏறும்போது அந்த ஒரு மீட்டரில் மட்டும் 1,250 வோல்ட் எழுகிறது. எஸ்பிடி 1,500 வோல்ட்டில் கட்டுப்படுத்தினாலும், சாதனத்தின் மீது விழுவது 2,750 வோல்ட். வீட்டுச் சாதனங்கள் பொதுவாக 2,500 வோல்ட் துடிப்பையும், மென்மையான மின்னணுச் சாதனங்கள் 1,500 வோல்ட்டையும் தாங்குமென்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன. டிபி பெட்டிக்குள் அழகாகச் சுற்றி வளைத்து விடப்பட்ட பச்சைக் கம்பி இப்படித்தான் பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது. ஃபேஸிலிருந்து எஸ்பிடி வரையும், எஸ்பிடியிலிருந்து எர்த் பட்டை வரையும் சேர்த்து அரை மீட்டருக்குள் நேராக இருக்க வேண்டும்.

அடுத்தது வகை. டைப் 2 எஸ்பிடி டிபி பெட்டிக்கு உரியது. இடிதாங்கி உள்ள வீட்டுக்கும் மேல்நிலைக் கம்பி நேராக வரும் வீட்டுக்கும் நுழைவிடத்தில் டைப் 1 தேவைப்படும். பிளக் பலகையில் இருப்பது டைப் 3, அது முன்னிரண்டுக்குத் துணையாகவே வேலை செய்யும். பலகையை மட்டும் நம்பி இருப்பது போதாது. கூரையில் சூரிய மின்தகடுகள் இருந்தால், இன்வெர்ட்டரின் நேர்மின்சாரப் பக்கத்துக்கும் தனி எஸ்பிடி வேண்டும்.

வீட்டின் மீதே மின்னல் விழுந்தால் எந்தக் கருவியும் முழு உறுதி தராது. இடி நெருங்கும் முன்பே பிளக்கையும் ஆன்டெனா, லேன் கேபிள்களையும் சேர்த்துக் கழற்றி வைப்பதே ஒரே திடமான வழி. மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கழற்றுவதற்கான நேரம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அறிகுறி: அன்று நன்றாக இயங்கியது, சில வாரம் கழித்துப் போயிற்று

சர்ஜ் சிப்பின் உள்ளே மெல்லிய காயத்தை ஏற்படுத்திவிட்டுப் போவது உண்டு. சாதனம் காரணமின்றி மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆவது, வழக்கத்தைவிடச் சூடேறுவது, இணைய வேகம் ஒரு போர்ட்டில் மட்டும் குறைந்து நிற்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் கணினியிலோ கண்காணிப்புப் பதிவுக் கருவியிலோ உள்ள தரவை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பழுது பார்க்கக் கொடுப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.